சின்னத் திருத்தம், யார் செலவு?

2020 அக்டோபர் தொடக்கத்தில், கிட்ஹப்பில் திறமூல மென்பொருள்களைப் பராமரிப்பவர்கள் பலர் கொதித்துப்போனார்கள். டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் நடத்திவரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் அப்போது திறமூலத் திட்டங்களுக்கு நான்கு புல் ரிக்வெஸ்ட் (மாற்றக் கோரிக்கை) அனுப்பினால் டி-ஷர்ட் கிடைக்கும். பலருக்கும் எளிய வழியாகத் தெரிந்தது ஆவணங்கள்தான். ரீட்மீ கோப்பில் 'அருமையான புராஜெக்ட்' என்று ஒரு வரி, இருக்கிற சொல்லை எடுத்துவிட்டு அதே பொருளில் வேறொரு சொல் என்று வந்து குவிந்தன. சில நாட்களிலேயே விதி மாறியது. தாங்களாக முன்வந்து சேர்ந்த திட்டங்களுக்கு அனுப்பினால்தான் கணக்கு என்றார்கள்.

இதைப் பார்த்து, ஆவணத்தில் சின்னத் திருத்தம் அனுப்புவதே தொல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பைத்தான் திட்டத்தில் எழுத்துப்பிழைத் திருத்தம் போன்றவற்றுக்கு முன்கூட்டியே இஷ்யூ திறக்கக்கூடத் தேவையில்லை. அப்படியானால் எது வரவேற்கப்படுகிறது, எது எரிச்சலூட்டுகிறது? செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

அனுப்புகிறவருக்கு இரண்டு நிமிட வேலை. மறுமுனையில் ஒருவர் அதைத் திறந்து, பழைய வரியோடு ஒப்பிட்டு, பொருள் மாறவில்லை என்று உறுதிசெய்து, தானியங்கிச் சோதனைகள் முடிந்த பிறகு சேர்க்க வேண்டும். இன்னும் ஆதரவிலுள்ள பழைய பதிப்புகளிலும் அதே பிழை இருந்தால் அங்கேயும் கொண்டுபோக வேண்டும்.

கண்ணில் படாத செலவும் ஒன்று உண்டு. பல திட்டங்களில் மொழிபெயர்ப்புகள் கெட்டெக்ஸ்ட் முறையில் பிஓ கோப்புகளில் இருக்கின்றன. மூல ஆங்கிலப் பத்தியில் ஒரு கமா மாறினாலும், அந்தப் பத்தியின் மொழிபெயர்ப்பு எல்லா மொழிகளிலும் 'ஃபஸி' என்று குறிக்கப்படலாம். யாராவது சரிபார்த்து அந்தக் குறியை எடுக்கும்வரை வாசகருக்குப் பொதுவாக ஆங்கிலமே தெரியும். தமிழாக்கம் செய்கிறவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி.

ஆகவே திருத்தங்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, வாசகரைத் தவறாக வழிநடத்தும் வரியைச் சரிசெய்வது: இல்லாத கட்டளை, மாறிப்போன கோப்புப் பெயர், இரண்டு விதமாகப் பொருள்படும் வாக்கியம். தயங்காமல் அனுப்பலாம். உள்ளே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதாலேயே இவை கண்ணில் படுவதில்லை. புதிதாக வருகிறவர்தான் தடுக்கி விழுகிறார். இரண்டாவது, எழுத்துப்பிழை. நல்லதுதான், ஒரு பக்கத்தில் உள்ளவற்றைச் சேர்த்து ஒரே கோரிக்கையாக அனுப்பினால் இன்னும் நல்லது. மூன்றாவது, 'எனக்கு இப்படி எழுதினால் பிடிக்கும்' என்ற ரகம். இதைத் தவிர்ப்பதே உத்தமம்.

பிழை போலத் தெரிவதெல்லாம் பிழையும் அல்ல. எச்டிடிபியில் 'ரெஃபரர்' என்ற தலைப்புப் புலத்தில் ஆங்கில எழுத்து 'ஆர்' ஒன்று குறைகிறது. தொடக்கத்தில் நேர்ந்த அந்தப் பிழை 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1945-லேயே பதிந்துவிட்டது. இன்று ஆவணத்தில் அதைத் 'திருத்தினால்' ஆவணம்தான் தவறாகும். நெறிமுறை ஆவணங்களில் 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' என்ற சொற்களும் அப்படியே. 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119 ஒவ்வொன்றுக்கும் தனி வரையறை தந்திருக்கிறது. நடை அழகுக்காக ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால், கட்டாய விதி வெறும் பரிந்துரையாகிவிடும்.

அனுப்பும் முன் சில சரிபார்ப்புகள் போதும். அந்த வரி முதன்மைக் கிளையில் ஏற்கெனவே திருத்தப்பட்டுவிட்டதா? அது ஆவணக் கோப்பில் இருக்கிறதா, நிரலுக்குள் எழுதிய குறிப்பிலிருந்து தானாக உருவாகிறதா? பத்தியின் வரிமடிப்புகளைக் கலைக்காமல், மாற வேண்டிய சொல்லை மட்டும் மாற்றியிருக்கிறோமா? திட்டத்தின் நடைமுறை என்ன? லினக்ஸ் கெர்னலில் ஓர் எழுத்தை மாற்றினாலும் 'சைன்டு-ஆஃப்-பை' வரி கட்டாயம்.

கோரிக்கையின் தலைப்பிலும் கவனம் வேண்டும். 'ஆவணம் மேம்படுத்தப்பட்டது' என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. 'இந்த விருப்பம் கோப்பை நீக்குவதில்லை, பெயரை மட்டுமே மாற்றுகிறது. பழைய வரி நீக்குவதாகச் சொல்கிறது' என்று எழுதினால், பார்ப்பவர் ஒரு நிமிடத்தில் முடிவெடுத்துவிடுவார்.

பொருள் உறுதியாகத் தெரியாவிட்டால், திருத்தம் அனுப்பாமல் கேள்வியாகக் கேட்டுவிடலாம்: 'இந்த வரியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?' இல்லை என்று பதில் வந்தால், எந்த வரியை மாற்ற வேண்டும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்துவிடும்.