டி.எல்.எல். பைல் காணவில்லை: தவறு யாருடையது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்றாவது ஒரு நாள் சந்திக்கும் பிழைச் செய்தி ஒன்று உண்டு. ஒரு புரோகிராமை டபுள் கிளிக் செய்தவுடன், 'எம்.எஸ்.வி.சி.பி.140 டி.எல்.எல். பைல் இல்லை, எனவே இயக்க முடியாது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் சிறிய விண்டோ ஒன்று வந்து நிற்கும். நாம் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயப்பட வேண்டாம். தவறு பெரும்பாலும் புரோகிராம் தயாரித்தவருடையது. அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெரியப்பாவின் பெயிண்ட் கடைக்குக் கடன் பாக்கிக் கணக்கு வைக்க ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். என் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடியது. கடையில் மேலே சொன்ன செய்தி வந்தது. "ஏன்டா, உன்னுதுல ஓடுது, என்னுதுல ஏன் ஓடல?" என்று பெரியப்பா போன் செய்தார். நான் போய்ப் பார்ப்பதற்குள், கடைப் பையன் இணையத்தில் ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்த பைலை இறக்கிவிட்டான். கூடவே வைரஸும் வந்தது. விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்து, மூன்று மாதக் கணக்கை நோட்டைப் பார்த்து மீண்டும் ஏற்றினோம்.

நடந்தது என்ன? எந்தப் புரோகிராமும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. பைலைத் திறப்பது, படத்தைக் காட்டுவது போன்ற பொது வேலைகளுக்கு ஏற்கனவே எழுதி வைத்த தொகுப்புகள் உண்டு. இவற்றை லைப்ரரி என்கிறோம். லைப்ரரியைத் தனி பைலாக வைத்து, ஓடும்போது அழைத்துக்கொள்வது டைனமிக் லிங்கிங். விண்டோஸில் அந்தத் தனி பைல்தான் டி.எல்.எல். லைப்ரரியைப் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்துவிடுவது ஸ்டேடிக் லிங்கிங். முன்னது மெஸ்ஸில் சாப்பிடுவது, பின்னது கட்டுச்சோறு. பெரியப்பாவின் ஊரில் மெஸ் இருக்கிறதா என்று பார்க்காமலே அவரை நான் அனுப்பிவிட்டேன்.

பிறகு அந்தப் புரோகிராமை ஸ்டேடிக் முறையில் தயாரித்துக் கொடுத்தேன். பைலின் அளவு சில நூறு கே.பி. கூடியது. பிரச்னை தீர்ந்தது. அப்படியானால் எல்லாவற்றையும் ஸ்டேடிக்காகவே செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு?

ஸெட்லிப் என்பது தகவல்களைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் லைப்ரரி. 2002 மார்ச்சில் அதில் ஒரு பாதுகாப்புக் குறை வெளியானது. லினக்ஸில் அதை டைனமிக்காகப் பயன்படுத்திய புரோகிராம்களுக்கு ஒரே ஒரு லைப்ரரி பைலை மாற்றினால் போதும். ஸ்டேடிக்காகச் சேர்த்தவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் தயாரித்து வெளியிட வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைக் கையாளும் லைப்ரரியிலும் இதே கதைதான். குரோம், பயர்பாக்ஸ் இரண்டும் தமக்குள் அதன் நகலை வைத்திருந்ததால், தனித்தனியே புதிய பதிப்பு வெளியிட்டன. அவர்கள் உடனே செய்தார்கள். எழுதியவரே மறந்துபோன புரோகிராம்களுக்கு யார் செய்வார்கள்?

என் கருத்து இதுதான். தன் கணக்கை மட்டும் கையாளும் சிறிய புரோகிராமுக்கு ஸ்டேடிக் நல்லது. வெளியிலிருந்து வரும் படம், மெயில், இணையப் பக்கம் ஆகியவற்றைத் திறக்கும் லைப்ரரிகள் சிஸ்டத்தோடு அப்டேட் ஆகும்படி வெளியே இருப்பதே பாதுகாப்பு. உள்ளேதான் வைப்பேன் என்கிறவர், காலாகாலத்தில் புதிய பதிப்பு தரும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். டி.எல்.எல். பைலைத் தன் போல்டரிலேயே தனியாக வைத்துக்கொள்ளும் புரோகிராமுக்கும் இது பொருந்தும். அதுவும் ஒருவகைக் கட்டுச்சோறுதான்.

நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு. டி.எல்.எல். இல்லை என்று செய்தி வந்தால், அந்த ஒரு பைலை மட்டும் எங்கிருந்தோ இறக்காதீர்கள். புரோகிராமை மறுபடி இன்ஸ்டால் செய்திடுங்கள். எம்.எஸ்.வி.சி.பி. என்று தொடங்கும் பைல் என்றால், மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து விசுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பைப் பெற்று நிறுவுங்கள். அடுத்து, பல ஆண்டுகளாக அப்டேட் வராத புரோகிராம் இணையத்தோடு தொடர்புடையதாக இருந்தால், தயங்காமல் நீக்கிவிடுங்கள். ஊசிப்போன சோற்றை யாரும் வைத்திருப்பதில்லை.