மரணத்தின் பின்னர் கேட்பதற்கா நமக்குச் செவிகள்?

சில மாதங்களுக்கு முன்னர், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முன்றலில் நின்றபோது ஒரு தாய் என்னிடம் வந்தார். "சுவாமி, மகள் இரவிரவாக் கைத்தொலைபேசியிலை ஒரு தொடர் பாக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் செய்த கொடுமையாலை ஒரு பெட்டை தன்ரை உயிரை மாய்ச்ச கதையாம். பாக்க விடலாமோ, பறிச்சு வைக்கட்டோ?" என்று கேட்டார். அவருடைய குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. அத்தொடரின் பெயரைக் கேட்டறிந்து, அதனை நானும் பார்த்து, அதற்கு மூலமான நாவலையும் வாசித்த பின்னரே அவருக்குப் பதில் கூறினேன். அந்தப் பதிலை ஏனைய பெற்றோருடனும் பகிர்ந்துகொள்வது நலம் என எண்ணுகின்றேன்.

அமெரிக்க எழுத்தாளர் ஜே ஆஷர் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட 'தேர்ட்டீன் ரீசன்ஸ் வை' என்ற நாவலே அக்கதை. 'ஏன் என்பதற்குப் பதின்மூன்று காரணங்கள்' என அதன் பொருளைச் சொல்லலாம். 2017 மார்ச் 31இல் நெட்பிளிக்ஸ் நிறுவனம் இதனைத் தொடராக வெளியிட்டது. ஹன்னா பேக்கர் என்ற பாடசாலை மாணவியே கதையின் நாயகி. அவளைப் பற்றி ஒரு பொய் வதந்தி பரவுகின்றது. அவளது உடலைக் குறித்து மாணவர்கள் ஒரு பட்டியல் எழுதிச் சுற்றுக்கு விடுகின்றனர். தோழிகள் விலகிச் செல்கின்றனர். இறப்பதற்கு முன்னர் அவள் ஏழு ஒலிநாடாக்களில் தன் முடிவுக்கான காரணங்களைப் பதிவு செய்கின்றாள். அக்காரணங்களுக்கு உரியவர்கள் என அவள் கருதுவோர், ஒருவர் பின் ஒருவராக அவற்றைக் கேட்க வேண்டும் என ஏற்பாடும் செய்துவிட்டு மறைகின்றாள்.

இக்கதையின் நன்மையை முதலில் ஏற்றுக்கொள்வோம். கொடுமை எவ்வாறு வளர்கின்றது என்பதை இது நேர்மையாகக் காட்டுகின்றது. ஒவ்வொரு செயலும் தனித்துப் பார்க்குமிடத்துச் சிறியதே. செய்தவர் ஒவ்வொருவரும் "பகிடிக்குத்தானே செய்தோம்" என்று சொல்லிவிடலாம். நமது நாட்டுத் தமிழில் 'பகிடிவதை' என்றொரு சொல் உண்டு. செய்பவனுக்குப் பகிடி, படுபவனுக்கு வதை என்ற உண்மை அந்த ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இல் இயற்றப்பட்ட பின்னரும் அந்தச் சொல் நம்மிடையே வழக்கொழியவில்லை. ஆகவே இத்தகைய கதைகள் எழுதப்படவே கூடாது என நான் கூறமாட்டேன். ஒரு துன்பத்தைப் பேசாமல் மூடி வைப்பதால் அது மறைந்துவிடுவதில்லை.

ஆயினும் எதைச் சொல்கின்றோம் என்பதைப் போலவே எவ்வாறு சொல்கின்றோம் என்பதும் முக்கியமானது. இது புதிய கேள்வி அன்று. 1774இல் ஜேர்மனியக் கவிஞர் கதே, காதலில் தோல்வியுற்றுத் தன்னை மாய்த்துக்கொள்ளும் வெர்த்தர் என்ற இளைஞனின் கதையை வெளியிட்டார். இளைஞர்கள் அவனைப் பின்பற்றுகின்றனர் என்ற அச்சத்தால் மறு ஆண்டே லைப்சிக் நகரில் அந்நூல் தடைசெய்யப்பட்டது. இரு நூற்றாண்டுகளின் பின்னர், 1974இல், டேவிட் பிலிப்ஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர், தற்கொலைச் செய்திகள் பரபரப்பாக வெளியாகும்போது அத்தகைய மரணங்கள் அதிகரிப்பதைக் கண்டு, அதற்கு 'வெர்த்தர் விளைவு' எனப் பெயரிட்டார்.

'பதின்மூன்று காரணங்கள்' தொடரைப் பற்றியும் இந்த அச்சமே எழுந்தது. தொடர் வெளியான ஆண்டிலேயே, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோர் அல்லது பாதுகாவலருடன் மட்டுமே இதனைப் பார்க்கலாம் என நியூசிலாந்து புதியதொரு தரப்பிரிவை ஏற்படுத்தியது. தொடர் வெளியான மறு மாதமாகிய 2017 ஏப்ரலில், அமெரிக்காவில் 10 முதல் 17 வயது வரையிலானோரின் தற்கொலை வீதம் 28.9 சதவீதம் அதிகரித்திருந்ததாக 2019இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. இதற்குத் தொடர்தான் காரணம் என உறுதியாகக் கூற முடியாது என அந்த ஆய்வாளர்களே குறிப்பிட்டனர். அதே தரவுகளை மீள ஆராய்ந்த இன்னொருவர் அம்முடிவை ஏற்கவில்லை. விவாதம் முற்றுப்பெறவில்லை. எனினும் 2019 ஜூலையில், வைத்திய நிபுணர்களின் ஆலோசனையைப் பெற்று, மரணத்தை விரிவாகக் காட்டிய காட்சியை நெட்பிளிக்ஸ் நீக்கிவிட்டது. நீக்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றது என்பதே என் மனவருத்தம்.

ஒரு காட்சியை நீக்கிவிட்டால் போதுமா? போதாது என்பதே என் கருத்து. இக்கதையின் அமைப்பிலேயே மூன்று பொய்கள் உள்ளன.

முதலாவது, மரணம் பேசும் என்ற பொய். உயிரோடிருந்தபோது ஹன்னாவை எவரும் கேட்கவில்லை. இறந்த பின்னர் அனைவரும் கேட்கின்றனர், அழுகின்றனர், வெட்கப்படுகின்றனர். கதை முழுவதும் அவளது குரல் ஒலிப்பதால், அவள் எங்கோ இருந்து இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதாக இளம் வாசகர் உணர்கின்றார். "நான் போன பிறகுதான் என் அருமை தெரியும்" என்று கோபத்தில் சொல்லாத பிள்ளை எது? அந்தக் கோபத்துக்கு இக்கதை வெற்றி மாலை சூட்டுகின்றது. உண்மையில், சாவு ஓர் உரையாடலைத் தொடங்குவதில்லை, முறித்துவிடுகின்றது. மன்னிப்புக் கேட்க விரும்புபவனுக்கும் அது கதவை அடைத்துவிடுகின்றது.

இரண்டாவது, காரணங்களை எண்ணிக் கணக்கிடலாம் என்ற பொய். இன்னாரால், இன்ன நாளில் என்று ஒரு மரணத்தைப் பங்கு பிரித்துவிட முடியாது. மனச்சோர்வு என்னும் நோய், தனிமை, குடும்பச் சூழல், திடீர் வேகம் எனப் பல இழைகள் அதில் பின்னிக் கிடக்கும். நோயைப் பற்றி இக்கதை பெரிதாகப் பேசுவதில்லை. பதின்மூன்று காரணங்களைக் கேட்டு முடிக்கும்போது அந்த மரணம் தவிர்க்க முடியாதது போலத் தோன்றிவிடுகின்றது. ஆனால் அது தவிர்க்கக்கூடியதே என்பதற்கு நமது இலங்கைத் திருநாடே சான்று. 1995 அளவில் இங்கு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்மை மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்றாக இருந்தது. கொடிய விவசாய நஞ்சுகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. இதன் பொருள் என்ன? ஒரு கொடிய மணித்துளியைக் கடந்து வந்தவர்கள் பெருந்தொகையானோர் பின்னர் வாழ்ந்தார்கள், வாழ்கின்றார்கள் என்பதே.

மூன்றாவது பொய்யே மிகவும் ஆபத்தானது. உதவி கேட்பதில் பயனில்லை என்று கதை சொல்கின்றது. ஹன்னா இறுதியாகப் பாடசாலையின் ஆலோசகரிடம் செல்கின்றாள். அவர் அவளது சொற்களின் ஆழத்தை அறியவில்லை. நடந்ததை மறந்து முன்செல்லும்படி அறிவுறுத்துகின்றார். அவள் எழுந்து வெளியேறுகின்றாள். அவர் பின்னால் வரவில்லை. உதவி தேடும் ஒரு பிள்ளைக்கு இதைவிடக் கொடிய பாடம் வேறொன்றில்லை.

ஆனால் அந்த இடத்தை வாசித்தபோது நூலை மூடிவைத்துவிட்டேன். ஏனெனில் அந்த ஆலோசகரின் கதிரையில் நானும் ஒருமுறை அமர்ந்திருக்கின்றேன். குருத்துவ வாழ்வின் தொடக்க ஆண்டுகளில், மறைக்கல்வி வகுப்பு முடிந்து எல்லோரும் சென்ற பின்னர், ஒரு மாணவி மட்டும் நின்றாள். "சுவாமி, தன்னைத் தானே சாகடிச்ச ஆக்கள் மோட்சத்துக்குப் போகமாட்டினமோ?" என்று கேட்டாள். குருமடத்தில் கற்ற இறையியலை அவளுக்கு நன்றாக விளக்கினேன். உயிர் கடவுளின் கொடை, அதற்கு நாம் உரிமையாளர் அல்லர், பராமரிப்பாளரே என்றெல்லாம் கூறினேன். அவள் தலையசைத்துவிட்டுச் சென்றாள். நான் சொன்னவற்றுள் பிழையான வாக்கியம் ஒன்றும் இல்லை. ஆனால் "ஏன் பிள்ளை கேட்கிறாய்?" என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. வகுப்பில் அவளது குடும்ப வறுமையைச் சொல்லி மாதக்கணக்காகக் கேலி செய்துவந்தனர் என்பதைப் பின்னரே அறிந்தேன். அன்றிரவு அவள் உறங்காதிருப்பதைக் கண்டு அருகில் வந்து அமர்ந்த அவளுடைய பேத்தியார் கேட்டார், நான் கேட்கத் தவறியதை. அவள் இன்று ஒரு தாய். அந்தப் பேத்தியாருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, போதும் ஆண்டவரே என்று சாவை வேண்டியபோது (1 அர 19), இறைவன் அவருக்குப் போதனை நடத்தவில்லை. வானதூதரை அனுப்பி, தட்டியெழுப்பி, சூடான அப்பமும் நீரும் கொடுத்து, மீண்டும் உறங்கவிட்டு, மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். பயணம் நீண்டது என்பதை அவர் அறிந்திருந்தார். கேள்வியும் பணியும் பின்னரே வந்தன. இறைவனின் மேய்ப்புப்பணி இந்த ஒழுங்கிலேயே நடைபெறுகின்றது.

திரு அவையும் இவ்வழியில் கற்றுக்கொண்டே வந்துள்ளது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், அறிந்தே தம்மை மாய்த்துக்கொண்டோருக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1983இல் வெளியிட்ட சட்டத்தில் அந்தத் தடை இல்லை. தன்னுயிரை மாய்த்தல் தவறு என்ற போதனை மாறவில்லை. எனினும் கடும் உளப் பாதிப்பும் துன்பமும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் எனவும், அவர்களது மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது எனவும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கின்றது (2282, 2283). இவ்வாறு பிள்ளையை இழந்த பெற்றோர் எவரேனும் இதனை வாசித்தால், உங்கள் பிள்ளைக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கத் தயங்காதீர்கள். எவரும் உங்களைக் கணக்குக் கேட்கும் உரிமை பெற்றவர் அல்லர்.

நல்ல கதைகள் இல்லையா? உண்டு. யோஷிதோகி ஓய்மா வரைந்த சித்திரக் கதையைத் தழுவி, நயோகோ யமாடா இயக்கி 2016இல் வெளியான யப்பானிய உயிரூட்டத் திரைப்படம் 'எ சைலன்ற் வொய்ஸ்' அவற்றுள் ஒன்று. செவிப்புலனற்ற சிறுமி ஒருத்தியை வகுப்பில் வதைத்த சிறுவனே அதன் நாயகன். பின்னர் அவனே ஒதுக்கப்படுகின்றான். வாழ்வை முடித்துக்கொள்ள எண்ணியவன், அதற்கு முன்னர் அவளிடம் மன்னிப்புக் கேட்கச் சைகை மொழி கற்றுச் செல்கின்றான். படம் நெடுகிலும் அவனுக்கு மற்றவர்களின் முகங்கள் தெரிவதில்லை. ஒவ்வொரு முகத்தின் மீதும் பெருக்கல் குறி ஒன்று ஒட்டியிருக்கும். இறுதியில் அக்குறிகள் உதிர்ந்து விழ, அவன் மனிதரின் முகங்களைக் கண்டு அழுகின்றான். இப்படமும் துயரமானதே, சாவின் விளிம்பையும் காட்டுவதே. ஆயினும் வதைத்தவனுக்கும் வதைபட்டவளுக்கும் நாளை ஒன்று உண்டு என்று அது சொல்கின்றது.

இத்தகைய கதைகளின் பயனுக்கும் ஒரு பெயர் உண்டு. 1791இல் அரங்கேறிய மொசார்ட்டின் இசை நாடகமொன்றில், நம்பிக்கையிழந்து சாகத் துணியும் பப்பகேனோ என்பவனை மூன்று சிறுவர்கள் தடுத்து, அவனிடமுள்ள மணிகளை நினைவூட்டுகின்றனர். நெருக்கடியைக் கடந்து வந்தோரைப் பற்றிய செய்திகள் உயிர் காக்கக்கூடும் எனக் கண்ட ஒஸ்திரிய ஆய்வாளர்கள், 2010இல் அதனைப் 'பப்பகேனோ விளைவு' என அழைத்தனர். திரைப்படத் துறையினருக்கென உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே வலியுறுத்துகின்றது.

அந்தத் தாய்க்கு நான் கூறிய பதில் இதுதான்: "கைத்தொலைபேசியைப் பறிக்க வேண்டாம் அம்மா. பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து நீங்களும் பாருங்கள். பார்த்து முடிந்ததும் பேசுங்கள். 'உன்னை யாராவது இப்படிச் செய்தார்களா? நீ யாருக்காவது இப்படிச் செய்தாயா?' இரண்டையும் கேளுங்கள். அவள் சோர்ந்திருப்பதாகத் தோன்றினால், 'சாக வேண்டும் என்று நினைத்ததுண்டா?' என்றும் நேராகவே கேளுங்கள்." அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் பிள்ளையின் மனத்தில் புகுந்துவிடாது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பதில் எதுவாயினும் அதட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். உளவளத்துணையாளரையோ வைத்தியரையோ நாடுவது விசுவாசக் குறைவு அன்று. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். உயிர்மாய்க்க முயல்வது நம் நாட்டில் 1998 முதல் குற்றமும் அன்று. எனவே அவமானத்துக்கும் வழக்குக்கும் அஞ்சி மறைக்க வேண்டியதில்லை.

பிலிப்பி நகரச் சிறையில் நடந்ததை நினைவிற் கொள்வோம் (திப 16). அடிபட்ட உடலோடு இருந்த பவுலையும் சீலாவையும் உட்சிறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டியவன் அந்தச் சிறைக்காவலன். நள்ளிரவில் நிலம் அதிர்ந்து கதவுகள் திறந்தபோது, கைதிகள் தப்பிவிட்டனர் என்றெண்ணி அவன் தன்னையே மாய்த்துக்கொள்ள முனைந்தான். பவுல் அமைதியாக இருந்திருந்தால் அவரைத் துன்புறுத்தியவன் அழிந்திருப்பான். ஆனால் அவர் அந்த இருளுக்குள்ளிருந்து உரத்த குரலில் கூவி, தீங்கு செய்துகொள்ள வேண்டாம் என்றும் தாங்கள் அனைவரும் அங்கேயே இருப்பதாகவும் அவனுக்கு அறிவித்தார். அவன் விளக்கைக் கொண்டுவரச் சொன்னான். விடியுமுன்னர், தான் சிறையில் அடைத்தவர்களின் காயங்களை அவனே கழுவினான்.

இருளில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு நம் வீடும் பள்ளியும் பங்கும் சொல்ல வேண்டிய செய்தி அதுவே. அந்தப் பிள்ளையின் காதில் விழும்படி, உரத்துச் சொல்வோம்.