செவிச்செல்வமும் குடிக்கூலியும்

பரிபாடல் என்னும் கழக நூலைக் கையிலெடுப்போர் அதன் பாட்டுகள் பலவற்றின் இறுதியில் ஒரு சிறு குறிப்பைக் காண்பர். பாட்டை இயற்றியவர் இன்னார். அதற்கு இசை வகுத்தவர் இன்னார். அது பாடப்பெறும் பண் இன்னது என்னும் மூன்று செய்திகள் அக்குறிப்பில் உள்ளன. எழுபது பாட்டுகளாக இருந்த அந்நூலில் இன்று முழுமையாக எஞ்சியவை 22 பாட்டுகளே. ஏட்டைச் செல் அரித்தது, காலம் தின்றது, ஆயினும் பெட்டனாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் முதலிய இசைவல்லார் பெயர்கள் இன்றும் அழியாமல் நிற்கின்றன. பாட்டைக் காத்த தமிழன் பாட்டுக்கு உரியாரையும் சேர்த்தே காத்தான். இளங்கோவடிகளும் அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்தி, அவரவர் தகுதியை விரித்துரைத்தார். பாட்டு என்பது பலருடைய உழைப்பு என்பதையும், உழைத்தவரின் பெயரை மறைப்பது அறமன்று என்பதையும் இம்மண் அத்துணைத் தொன்மையிலேயே தெளிந்திருந்தது.

அத்தகைய இனத்தின் இல்லங்களில் இன்று ஒரு புதிய கேள்வி எழுந்துள்ளது. இணையத்தின் வழியே நொடிக்கு நொடி பாய்ந்து வந்து கைப்பேசியில் ஒலிக்கும் பாட்டுப் பணிகள் பல வந்துவிட்டன. அவற்றை ஈண்டு இசையோடை எனக் குறிக்கலாம். சுவீடன் நாட்டில் 2006-ஆம் ஆண்டு தோன்றிய இசுபாட்டிஃபை, 2019-இல் இந்தியாவுக்குள் கால்வைத்தது. யூடியூப் மியூசிக்கும் அதே ஆண்டில் இங்கு வந்தது. ஆப்பிள் மியூசிக் 2015-இலேயே வந்துவிட்டது. சியோ சாவன் போன்ற வடவர் முதலீட்டு நிறுவனங்களும் உடன் நிற்கின்றன. 'குடும்பத்திற்கு இவற்றுள் எதனைத் தேர்வது?' என்று தாயும் தந்தையும் மக்களும் கூடிப் பேசுகின்றனர். எதில் கட்டணம் குறைவு, எதில் முதல் திங்கள் விலையின்றிக் கிடைக்கும், எதில் விளம்பரம் குறுக்கிடாது என்பனவே அப்பேச்சின் பொருள்கள். ஐம்பது உரூபாவும் நூறு உரூபாவும் எண்ணிப் பார்க்கப்பெறுகின்றன. அக்கருவி வீட்டின் செவியை எங்கே கொண்டு செல்லும் என்பது மட்டும் எண்ணிப் பார்க்கப்பெறுவதில்லை.

'பாட்டுக் கேட்பதற்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு?' என்று வினவுவாரும் உளர். ஒரு பிடி அரிசி வாங்குதற்குக் கல்லும் குருணையும் பார்க்கும் இல்லத்தரசியை எவரும் இவ்வாறு வினவுவதில்லை. வயிற்றுக்கு ஈவதை ஆராயும் குடும்பம், வள்ளுவப் பேராசான் செல்வத்துள் தலையாயதாக வைத்த செவிச்செல்வத்தை ஆராயாமல் விடுவது என்ன முறை?

புதுமையை வெறுப்பது தமிழியக்கத்தின் கொள்கையன்று. 1902-இல் இந்தியாவில் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு தொடங்கியது. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் எழுந்தன. பின்னர் ஒலிநாடாவும் குறுவட்டும் வந்தன. ஒவ்வொன்றும் தமிழ்ப் பாட்டைத் தொலைவிடங்கட்குக் கொண்டு சென்றது. இசையோடையும் அவ்வாறே நன்மை செய்கின்றது. கனடாவிலோ இலண்டனிலோ வாழும் ஈழத்தமிழ்ப் பிள்ளை ஒன்று, தன் பாட்டி பாடிய திருமுறையை நொடிப் பொழுதில் கேட்க இயல்கின்றதென்றால் அது போற்றற்குரியதே. எனினும் கருவி வேறு, கருவியை ஆள்வோன் வேறு. கருவியைக் கொள்ளுமுன் நான்கு வினாக்களைத் தமிழ்க் குடும்பம் கேட்டாக வேண்டும்.

முதல் வினா, பெயரும் எழுத்தும் பற்றியது. வானொலிக் காலத்தில் அறிவிப்பாளர் பாடல் இடம்பெற்ற படத்தின் பெயரையும் பாடினார் பெயரையும் தமிழில் உரைத்த பின்னரே பாட்டு ஒலிக்கும். சிற்றூர்ப் பாட்டாளியும் அப்பெயர்களை அறிந்திருந்தான். இன்றைய இசையோடைகளிலோ தமிழ்ப் பாட்டின் பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் கிடக்கின்றது. கே, ஏ, எல், ஏ, ஐ என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளைக் கண்ட குழந்தை அதனைக் கலை என்று படிக்குமா, களை என்று படிக்குமா, காலை என்று படிக்குமா, காளை என்று படிக்குமா? லகர ளகர வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் அறியாத வரிவடிவில் தமிழை நாளும் பார்த்துப் பழகும் கண், பள்ளியில் கற்ற எழுத்தையும் மெல்ல மறக்கும். எழுத்தை மறந்த பின் ஒலிப்பு நிற்குமா? இனி, பாடலாசிரியரின் பெயரோ பல இடங்களில் முகப்பில் இராது. தேடித் திறந்து பார்த்தால் மட்டுமே கிடைக்கும். சில பாட்டுகட்கு அதுவும் இல்லை. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் ஓலையில் எழுத்தாணியால் கீறியவன் விடாது பொறித்த செய்தியை, கோடிக்கணக்கான பாட்டுகளைத் தன்னுள் அடக்கிய கணினி எழுத மறுக்கின்றது என்றால் குறை கணினியினதன்று. தமிழன் கேளாதிருந்ததன் விளைவு அது.

இரண்டாம் வினா, பணம் பற்றியது. ஒரு குடும்பம் திங்கள்தோறும் கட்டணம் செலுத்துகின்றது. அக்குடும்பம் கேட்பது தேவாரமும் நாட்டுப்புறப் பாட்டும் மட்டுமே என்று கொள்வோம். அப்பணம் ஓதுவார்க்கும் நாட்டுப்புறக் கலைஞர்க்கும் போய்ச் சேரும் என்று அது நம்பியிருக்கும். பெரும்பாலான இசையோடைகளின் கணக்கு அவ்வாறில்லை. எல்லார் பணமும் ஒரே குளத்தில் ஊற்றப்பெறும். நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டபின், எஞ்சியது அனைவரும் கேட்ட எண்ணிக்கையின் விழுக்காட்டுப்படி உரிமையாளர்க்குப் பகிரப்பெறும். எனவே, ஊரே கேட்கும் ஆரவாரப் பாட்டுக்கே அக்குடும்பத்தின் பணத்திலும் பெரும்பங்கு போகும். முப்பது நொடி ஒலித்தால்தான் இசுபாட்டிஃபையில் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. அன்றியும், 2024 முதல் அந்நிறுவனம், பன்னிரு திங்களில் ஆயிரம் முறையேனும் கேட்கப்பெறாத ஒலிப்பதிவுக்குப் பங்கு தருவதில்லை என்று வரையறை செய்துள்ளது. சிற்றூர்க் கோயிலில் பண்ணோடு பதிகம் பாடும் ஓர் ஓதுவாரின் பதிவு ஆண்டிற்குத் தொள்ளாயிரம் முறை கேட்கப்பெற்றால் அதற்குரிய கூலி சுழியமே! விளைத்தவனுக்கு ஒரு மணியும் இல்லை என்று களத்துமேட்டில் கூறினால் உழவன் பொறுப்பானா?

சட்டம் இதில் ஓரளவு துணை நிற்கின்றது. 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், திரைப்பாட்டை எழுதியவர்க்கும் இசையமைத்தவர்க்கும், திரையரங்கிற்கு வெளியே அப்பாட்டு பயன்படும்போது வரும் ஊதியத்தில் ஒப்பப் பங்கு உண்டு என்றும், அவ்வுரிமையை அவர்கள் படமுதலாளிக்கு எழுதிக் கொடுத்துவிட இயலாது என்றும் வகுத்தது. ஆனால் பெயரே பொறிக்கப்பெறாத பாட்டுக்கு எவர் பங்கு கேட்பது? முதல் வினாவும் இரண்டாம் வினாவும் ஒன்றையொன்று பற்றி நிற்பது இங்குதான்.

மூன்றாம் வினா, உடைமை பற்றியது. இசைத்தட்டை வாங்கியவன் அதற்கு உரிமையாளன். ஒலிநாடாவைப் பாட்டன் வாங்கினால் பெயரனும் கேட்கலாம். இசையோடையில் வாங்குவது ஏதுமில்லை. இருப்பதெல்லாம் குடிக்கூலி வாழ்க்கையே. கூலி நின்ற அன்றே வீடும் நின்றது. கைப்பேசியில் பதிவிறக்கிய பாட்டும் உடைமை ஆகாது. இசுபாட்டிஃபையில் முப்பது நாளைக்கு ஒருமுறையேனும் இணையத்தோடு இணைந்து கணக்குக் காட்டாவிடில் அப்பதிவு ஒலிக்காது. வீட்டுக்காரனே வீட்டை இடித்துவிட்டுப் போவதும் உண்டு. கூகிள் பிளே மியூசிக் 2020-இல் மூடப்பெற்றது. 2014-இல் ஏர்டெல் நிறுவனம் தொடங்கிய விங்க் மியூசிக் 2024-இல் கடையைக் கட்டியது. இரெசோ என்னும் இன்னொன்றும் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டு அகன்றது. ஆண்டுக்கணக்காகத் தேடித்தேடித் தொகுத்த பாட்டுப் பட்டியல்களை மீட்டுக்கொள்ள எத்தனை குடும்பங்கள் அலைந்திருக்கும்! ஓலைச்சுவடியைச் செல்லுக்கும் ஆற்றுக்கும் கொடுத்து அழுத இனம், பாட்டுச் செல்வத்தை அயலான் பூட்டிய அறையில் வைத்துவிட்டு உறங்கலாமா?

நான்காம் வினா, வீட்டைப் பற்றியது. குடும்பக் கட்டணத்தில் அறுவர் வரை சேரலாம் என்பதே இந்நிறுவனங்களுள் சில கூறும் பெருஞ்சிறப்பு. ஒரே முகவரியில் வாழ்வோராக இருத்தல் வேண்டும் என்று சில நிறுவனங்கள் கட்டளையும் இடுகின்றன. ஆறு பேரும் ஒரே கூரையின்கீழ்தான் இருக்கின்றனர். ஆறு செவிகளில் ஆறு செவிப்பொறிகள். ஆறு பாட்டுகள் ஒலிக்கின்றன. ஒருவர் கேட்பதை மற்றொருவர் அறியார். கூடத்தில் ஒரு வானொலிப் பெட்டி இருந்த நாளில் பாட்டியின் விருப்பமும் பெயர்த்தியின் விருப்பமும் மோதின, ஊடலும் நிகழ்ந்தது, ஆனால் பெயர்த்தி தன்னையறியாமலே பாட்டியின் பாட்டையும் கற்றாள். அக்கல்வி இன்று அற்றுப்போயிற்று. அதன் இடத்தில் பொறியின் பரிந்துரை அமர்ந்திருக்கின்றது. கேட்டதைப் போன்றதையே அது மேலும் மேலும் ஊட்டும். குழந்தை ஒருமுறை குப்பையைக் கேட்டால் பொறி வண்டி வண்டியாகக் குப்பையைக் கொணர்ந்து கொட்டும். தாலாட்டும் ஏற்றப்பாட்டும் கும்மியும் குறவஞ்சியும் இருப்பதையே அறியாமல் அக்குழந்தை வளரும். தமிழிசை மேடையேற வேண்டும் என்று 1941-இல் சிதம்பரத்தில் மாநாடு கூட்டி, 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டவர்கள் மேடையை மீட்டார்கள். மீட்ட மேடையைக் கேட்கும் செவி வீட்டுக்குள்ளேயே இழக்கப்பெறுமானால் அவ்வுழைப்புக்குப் பொருள் என்ன?

அங்ஙனமாயின் குடும்பம் செய்ய வேண்டுவது யாது? இசையோடையே வேண்டா என்று கதவடைப்பது தீர்வன்று. ஆய்ந்து தேர்க. பணம் கட்டுமுன், விலையின்றிக் கிடைக்கும் நாள்களிலேயே ஒவ்வொன்றையும் ஆய்ந்து பார்த்தல் வேண்டும். தேடுமிடத்தில் தமிழ் எழுத்திலேயே ஒரு பதிகத்தின் முதலடியையும், ஒரு நாட்டுப்புறப் பாட்டையும், ஒரு பழந்திரைப்பாட்டையும் எழுதித் தேடுக. எது தமிழ் எழுத்தைப் புரிந்துகொண்டு விடை தருகின்றதோ, எது பாடலாசிரியர் பெயரைக் காட்டுகின்றதோ, எதன் முகப்பைத் தமிழில் மாற்றிக்கொள்ள இயலுகின்றதோ அதற்கே முதன்மை தருக. பத்து உரூபா கூடினும் தாழ்வில்லை. குழந்தைகட்குத் தனிக் கணக்கு வைத்து, அதில் முதற் பட்டியலைத் தாயும் தந்தையுமே அமைத்துத் தருக. முதலில் ஊன்றிய விதையே பொறியின் பரிந்துரையாக முளைக்கும். பெயர் பிழையாகவோ விடுபட்டோ இருப்பின் அந்நிறுவனத்திற்கு எழுதுக. ஒருவர் எழுதினால் குப்பைக்கூடைக்குப் போகும், ஆயிரவர் எழுதினால் அவ்வாறு போகாது.

அதனோடு அமையாமல், வீட்டிற்கென ஓர் இசைக் கருவூலம் காண்க. திங்கட் கட்டணத்திற்கு ஒப்பானதொரு தொகையை ஒதுக்கி, ஓதுவார்களும் நாட்டுப்புறக் கலைஞர்களும் தாமே வெளியிடும் பதிவுகளை அவர்களிடமே விலைகொடுத்து வாங்குக. பரணில் உறங்கும் ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றி இரு படிகளாகக் காத்து வைக்க. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்குரிய காப்பு அது வெளிவந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபதாண்டே என்பதால், 1950களின் இசைத்தட்டுகளின் பதிவுரிமை முடிந்துவிட்டது. சொல்லுக்கும் இசைக்கும் உரிய உரிமை, ஆக்கியோர் மறைந்து அறுபதாண்டு வரை நிற்பதையும் அறிந்து, அறநெறி பிழையாமல் அப்பழம்பதிவுகளைப் பேணுக. அனைத்திற்கும் மேலாக வீட்டு முதியோர் பாடும் தாலாட்டையும் நடவுப்பாட்டையும் கைப்பேசியிலேயே பதிந்து, பாடியவர் பெயரையும் ஊரையும் நாளையும் தமிழில் எழுதி வைக்க. அப்பாட்டி மறைந்தபின் எந்த நிறுவனம் எத்துணைக் கட்டணம் பெற்றாலும் அக்குரலைத் தரமாட்டாது. கிழமைக்கு ஒரு மாலையேனும் செவிப்பொறிகளைக் கழற்றி வைத்துவிட்டுக் குடும்பத்தார் அனைவரும் ஒரே பாட்டைக் கூடிக் கேட்க. கேட்டபின் எழுதியவர் யார், பண் யாது என்று பிள்ளைகளை வினவுக.

பாட்டைக் குடிக்கூலிக்குப் பெறலாம். செவியைக் குடிக்கூலிக்கு விடுதல் ஆகாது. இயற்றியவர் பெயரும் இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் பொறித்து வைத்த முன்னோரின் வழியினர் தாங்கள் என்பதைத் தமிழ்ப் பெற்றோர் உணர்வார்களாக! உணர்ந்து, அம்மூன்று பெயரையும் கேட்கும் பிள்ளைகளை வளர்ப்பார்களாக! கேட்கும் செவி உள்ளவரை தமிழிசைக்குக் கேடில்லை.