பாம்பன் பழம்பாலம் காயலான் கடைக்கோ?

2025 ஏப்பிரல் 6-ஆம் நாள் பாம்பன் கடலின் மீது புதிய தொடர்வண்டிப் பாலம் திறந்து வைக்கப்பட்டது. தலைமையமைச்சர் வந்தார்; கொடியசைத்தார்; கப்பலுக்கு வழிவிட்டு நடுப்பகுதி நெட்டுக்குத்தாய் மேலெழும் புதுமையைக் கண்டு நாடே வியந்தது. வியக்கட்டும். புதுப்பாலம் வேண்டியதே, அதில் நமக்கு வழக்கொன்றும் இல்லை. நம் வழக்கெல்லாம் அதன் பக்கத்துப் பழம்பாலத்தைப் பற்றியது. 1914 பிப்பிரவரி 24-இல் திறக்கப்பெற்று, 2022 திசம்பரில் வண்டியோட்டம் நிற்கும்வரை, நூற்றெட்டு ஆண்டுகள் உப்புக்காற்றில் நின்று உழைத்த அப்பாலத்தைப் பிரித்தெடுத்து அப்புறப்படுத்துவதென நடுவண் தொடர்வண்டித் துறை முடிவு செய்தது. காயலான் கடைக்காரன் ஓட்டை இரும்பை எடைபோடுவதுபோல் ஒரு மக்களினத்தின் வழித்தடத்தை எடைபோட்டு விட்டார்கள். பாலத்தைப் பிரிக்கற்க, மக்கள் தம் காலால் நடந்து செல்லும் நடைபாலமாக அதனை ஆக்குக என்கின்றோம் நாம்.

குன்னூர் மலையில், ஆறாயிரம் அடி உயரத்தில், பிள்ளைகளுக்குப் புணரியல் நடத்திக்கொண்டிருக்கும் தமிழாசிரியனுக்குக் கடற்பாலத்தோடு என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். உறவு உண்டு. நீலமலையின் தேயிலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து கிள்ளும் கைகளுள் எத்தனையோ கைகள் அந்தப் பாலத்தின் வழியாக வந்த கைகளே. இதனைப் பாம்பனில் புகைப்படம் பிடிக்க வருவோர் அறியார்; தில்லியில் கோப்பு எழுதுவோர் அறியார்; நம்முள்ளும் பலர் மறந்துவிட்டோம்.

இலங்கை மலைநாட்டிற்குத் தமிழன் கூலியாகப் போன தொடக்கக் காலத்தில் அவனுக்குப் பாலமுமில்லை, வண்டியுமில்லை. தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரையில் காட்டுவழியே நடந்தான். வயிற்றுக்கழிச்சலிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்து விழுந்தவர்க்குக் கணக்கு வைத்தவர் யார்? 1914-இல் பாம்பன் பாலம் வந்தது. சென்னையிலிருந்து தனுக்கோடி வரையில் வண்டி, அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுபடியும் வண்டி. மக்கள் அதனைப் 'போட்மெயில்' என்றனர். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்கு ஆள் கொண்டுபோக அதனினும் வாய்ப்பான வழி இல்லை. மண்டபத்தில் இலங்கை அரசு வைத்திருந்த முகாமில் ஆட்களை அடைத்து, நோய் ஆய்ந்து, கணக்கெடுத்து, பின்னரே பாலம் கடத்தினர். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று ஊர் ஊராய்ப் பறிக்கப்பட்ட தமிழர் அந்தப் பாலத்தின் மேலிருந்து தாய்மண்ணைத் திரும்பிப் பார்த்திருப்பர்.

அவர்கள் காடழித்துத் தேயிலை நட்டனர். அந்நாட்டின் பொருளியலையே தம் முதுகில் தூக்கி நிறுத்தினர். விடுதலை பெற்ற இலங்கை 1948-இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாத்திரி உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 9,75,000 பேர் என்று தலையெண்ணி, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்று பிரித்தனர். அப்பின்னரும் 1974-இல் வந்தது; ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாயிற்று. ஆட்டுமந்தையைப் பங்கு பிரிப்போரும் குட்டி தாயோடு போகிறதா என்றாவது பார்ப்பர்! தில்லியும் கொழும்பும் அதனைக்கூடப் பார்த்தில. அண்ணன் இங்கே, தம்பி அங்கே. மாமியார் அங்கே, மருமகள் இங்கே.

அவ்வாறு அனுப்பப்பட்டோர் தலைமன்னாரில் 'இராமானுசம்' கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். தனுக்கோடிதான் 1964 திசம்பர்ப் புயலில் அழிந்துவிட்டதே! இராமேசுவரத்திலிருந்து வண்டியேறிப் பாம்பன் பாலம் கடந்து மண்டபம் முகாமுக்கு வந்தனர். பாட்டன் போன அதே பாலம். பேரன் திரும்பிய அதே பாலம். அம்மக்களுக்கு வேலை தரவென்றே 1968-இல் தமிழக அரசு நீலமலையில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அது 1976-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் அவர்கள் குடியேறினர். 'தாயகம் திரும்பியோர்' என்பது அரசு தந்த பெயர். ஊரார் தந்த பெயர் 'சிலோன்காரன்'. என்னோடு நாலாம் வகுப்பில் படித்த பிள்ளைகளை அப்பெயர் சொல்லி நாங்களே ஏளனம் செய்தோம். அந்த வெட்கத்தை இன்று எழுதியாவது கழிக்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு என் மாணவியொருத்தியின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். தோட்டத்து வரிசை வீடு. 'லயம்' என்பது அவர்கள் வழக்கு. பள்ளிக்கு வராத பிள்ளையைக் கேட்கப் போனவனிடம் அவளுடைய பாட்டி பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு பாம்பனுக்குப் போயிற்று. "வண்டி பாலத்துமேல மெல்ல ஊர்ந்துச்சுங்க வாத்தியாரையா. ரெண்டு பக்கமும் கடல். கைப்பிடிச் சுவரு ஒண்ணும் இல்ல. புள்ளைங்க அழுவுது. எங்க வீட்டுக்காரரு தகரப்பெட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, 'அழுவாதீங்க, நம்ம ஊரு வந்துருச்சு'ன்னாரு. எது நம்ம ஊருன்னு எனக்கு அப்பவும் தெரியல" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தப் பாலம் இன்னும் இருக்குங்களா? ஒருக்கா நடந்து பாக்கணும்" என்றார். பிரிக்கப் போகிறார்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 'இருக்கிறது' என்று மட்டும் சொல்லி வந்தேன்.

இனி, பிரிக்கத்தான் வேண்டும் என்பார் கூறும் கரணியங்களைப் பார்ப்போம்.

பாலம் துருப்பிடித்துப் போயிற்று என்பது முதலாவது. உண்மைதான். உலகிலேயே இரும்பை மிகுதியாக அரிக்கும் கடற்பகுதிகளுள் பாம்பனும் ஒன்று. 2018 திசம்பரில் நடுவிலுள்ள தூக்குப் பகுதியில் விரிசல் கண்டு வண்டிகளை நிறுத்தியதும் உண்மையே. ஆனால் எதனைத் தாங்காது என்கின்றனர்? நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள வண்டியைத் தாங்காது என்பதற்கும், கையில் கடலைப் பொட்டலத்தோடு நடக்கும் மாந்தனைத் தாங்காது என்பதற்கும் வேறுபாடில்லையா? வண்டிக்கு ஆகாதது நடைக்கும் ஆகாது என்றால் அதனை ஆய்ந்து, கணக்கிட்டு, மக்கள் முன் வைக்க வேண்டும். காற்று மிகும் நாளில் மக்களை விடலாகாது என்பரேல், அதுவும் சரியே, அன்று கதவடைக்கலாம். வண்டிகளையே காற்றின் விரைவு பார்த்துத்தானே நிறுத்தி வந்தார்கள்?

கப்பலுக்கும் படகுக்கும் வழி வேண்டும் என்பது இரண்டாவது. இதில் பொருள் இருக்கிறது. செர்சர் என்னும் அமெரிக்கப் பொறிஞரின் பெயர் தாங்கிய அந்தத் தூக்குப் பகுதி, தொழிலாளர் தம் கைகளால் நெம்பிச் சுழற்றத் திறந்தது. நூறாண்டு அவ்வாறே திறந்தது. இனி ஒவ்வொரு கப்பலுக்கும் அதனைத் திறந்து மூட வேண்டியதில்லை. அப்பகுதியை மட்டும் எடுத்துக் கரையில் காட்சிக்கு நிறுத்துக. மண்டபக் கரையிலிருந்து ஒரு நடை, பாம்பன் கரையிலிருந்து ஒரு நடை. இரண்டும் நடுக்கால்வாயின் ஓரத்தில் வந்து நிற்கட்டும். நடுவே கப்பல் போகட்டும். முழுப்பாலமும் இல்லையென்றால் ஒன்றுமே வேண்டா என்பதற்கு இது என்ன திருமணச் சீரா? ஒரு கரையில் பத்துத் தூண் எஞ்சினும் அந்தப் பத்துத் தூணுக்கும் நடைபாதை போடலாம்.

செலவு என்பது மூன்றாவது. பிரிப்பதற்கு மட்டும் செலவில்லையா?

பொறியியலால் முடியாதது என்று எவரேனும் சொல்லின், அவர்க்கு 1964-ஐ நினைவூட்டுவேன். அவ்வாண்டு திசம்பர் 22 இரவு வீசிய புயல், பாம்பனிலிருந்து தனுக்கோடிக்குப் போன வண்டியை மக்களோடு கடலில் தள்ளியது. பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் உத்திரங்கள் கடலில் வீழ்ந்தன. ஆறு மாதம் ஆகும் என்றனர் மேலிடத்தார். சிறீதரன் என்னும் இளம்பொறியாளர் பொறுப்பேற்று, கடலடியில் கிடந்த உத்திரங்களை மீட்டெடுத்து, 46 நாளில் வண்டி ஓட வைத்தார். கடலில் கிடந்ததையே தூக்கி நிறுத்திய துறைக்கு, நிற்பதை நிற்கவிடத் தெரியாதா?

அயல்நாட்டார் செய்ததைச் சொன்னால்தான் நம்மவர்க்கு விளங்கும், சொல்கின்றேன். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் அட்சன் ஆற்றின் குறுக்கே பொக்கீப்சி என்னும் ஊரில் 1889-இல் முடிந்த தொடர்வண்டிப் பாலம் ஒன்று 1974-இல் தீப்பற்றிப் பாழாயிற்று. முப்பத்தைந்து ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. அவ்வூர் மக்களே கூடி, அமைப்பு வைத்து, பாலத்தை வாங்கி, பணம் திரட்டி, 2009-இல் நடைபாலமாக்கினர். ஆற்றுக்கு மேலே 212 அடி உயரத்தில் முதியோரும் குழந்தையரும் நடக்கின்றனர். அதன் நீளம் 6,768 அடி. பாம்பன் பழம்பாலத்தின் நீளமும் ஏறத்தாழ அதுவே, ஒன்றேகால் கல்லுக்குச் சற்று மேல்! சிங்கப்பூரில் மலாயாத் தொடர்வண்டித் தடம் 2011-இல் நின்றபின் அத்தடத்தையும் அதன் இரும்புப் பாலத்தையும் அந்நாட்டார் நடைவழியாகக் காத்து வருகின்றனர். அந்த மலாயாத் தடங்களில் தண்டவாளம் தூக்கியவனும் தமிழனே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இந்தியாவிலேயே இராசமுந்திரியில் கோதாவரி மீது 1900-இல் திறந்த ஏவ்லாக் பாலம் 1997-இல் ஓய்வு பெற்றது. அதனை நடைபாலமாக்கும் பேச்சு ஆந்திரத்தில் நெடுங்காலமாக நடக்கிறது. பேச்சாகவே நின்றாலும் தெலுங்கர் அதனைப் பிரித்து விற்க விடவில்லை என்பதைக் குறித்துக்கொள்க.

இந்த மலையில் எங்கள் கண்முன் ஒரு சான்று இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும் உதகைக்கு 1908-இலும் வந்த மலைத்தொடர்வண்டி. 46 கிலோமீட்டர்த் தொலைவுக்குள் 250 பாலங்கள், 16 குகைவழிகள். 2005-இல் யுனெசுகோ அதனை உலக மரபுச் சின்னம் என்றது; அன்று முதல் தில்லிக்கு அதன் மேல் பரிவு பொங்குகிறது. வெள்ளைக்காரன் சான்று தந்தால் பழமை. தராவிட்டால் பழைய இரும்பு! இதுதானே கணக்கு?

மலைவண்டியைச் சொன்னதனால் ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அவ்வழியிலுள்ள நிலையங்களின் பெயரைப் படித்துப் பாருங்கள்: இல்குரோவ், இரன்னிமீடு, வெலிங்டன், இலவுடேல். இரன்னிமீடு என்பது தேம்சு ஆற்றங்கரையில் 1215-இல் ஆங்கில மன்னன் தன் குடிகளுக்கு உரிமை முறி எழுதிக் கொடுத்த புல்வெளி. அதற்கும் எங்கள் மலைச்சரிவுக்கும் என்ன தொடர்பு? படகர் ஊரான செகதளையின் பெயரால் வழங்கிய இடம் ஆங்கிலப் படைத்தலைவனின் பெயரால் வெலிங்டன் ஆயிற்று. பெயரை விட்டுக்கொடுத்தவன் இடத்தையும் விட்டுக்கொடுத்தவனே. நாளைப் பாம்பனில் நடைபாலம் அமையுமாயின், அதன் முகப்பில் 'இசுக்கை வாக்கு' என்றோ, நம் வாயில் நுழையாத இந்திப் பெயரொன்றோ ஏறிவிடும் முன் சொல்லி வைக்கின்றோம்: பாம்பன் நடைபாலம் என்பதே போதும். நடை என்னும் சொல்லும் பாலம் என்னும் சொல்லும் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

பாலத்தின் இரு தலைப்பிலும் கல் நடப்பெற வேண்டும். இவ்வழியாகக் கடல் கடந்து போன தமிழ்த் தொழிலாளர் யார், எதற்காகப் போயினர், எந்த உடன்படிக்கையால் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டனர், எந்த மலைகளில் குடியேறினர் என்பது தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். 1964 புயலில் வண்டியோடு மாண்டவர்க்கும் அங்கே ஓரிடம் வேண்டும். இப்பொழுது 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் ஊர்திகளை ஓரமாக நிறுத்தி, ஓடும் பேருந்துகளுக்கு இடையில் நின்று மக்கள் கடல் பார்க்கின்றனர், காவலர் விரட்டுகின்றனர். அவர்களுக்கும் நின்று பார்க்க இடமாகும்.

இதனைப் படிக்கும் அன்பர் ஒவ்வொருவரும் மதுரைக் கோட்டத் தொடர்வண்டி மேலாளர்க்கும் இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர்க்கும் ஆளுக்கோர் அஞ்சலட்டை எழுதுக. நீலமலை அன்பர்கள் தத்தம் தோட்டத்து முதியோரிடம் சென்று, எந்த ஆண்டில் எந்த ஊரிலிருந்து பாலம் கடந்தனர் என்று கேட்டு, அதனையும் அவ்வட்டையிலேயே எழுதுக. எழுத அறியாதார்க்கு நாமே எழுதிக் கொடுத்துக் கைந்நாட்டுப் பெறுக. முகவரி உட்பட எல்லாம் தமிழிலேயே இருக்கட்டும்.