வீழ்ந்த பகைவருக்கு ஒரு கவளம்



நம் பிள்ளைகள் பலர் ஜப்பானிய அனிமே படங்களை விரும்பிப் பார்க்கின்றனர். பெரியவர்களோ அவற்றைப் பெரும்பாலும் பாராமலே ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்குவதற்குமுன் ஒரேயொரு கதாபாத்திரத்தையாவது கருத்தூன்றி நோக்குவது நலம் என எண்ணுகிறேன்.

மேற்கத்தியச் சிறுவர் கதைகளில் தீய மந்திரக்காரிக்கென்று ஒரு வார்ப்பு உண்டு. அவள் பொறாமை கொள்வாள், சபிப்பாள், இறுதியில் அழிவாள். 1937-இல் வெளியான டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்தில் பொல்லாத அரசி மலைமுகட்டிலிருந்து விழுந்து மடிகிறாள்.

ஆங்கில எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் 1986-இல் வெளியிட்ட 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' நாவலிலும் இத்தகைய மந்திரக்காரி ஒருத்தி வருகிறாள். சோஃபி என்னும் இளம்பெண்ணைச் சபித்துக் கிழவியாக்குகிறாள்; பின்னர் தானும் அழிகிறாள். இதே நாவலை ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி 2004-இல் அனிமே படமாக்கினார். அதில் மந்திரக்காரி சாவதில்லை. வல்லமையெல்லாம் பறிக்கப்பட்டுத் தள்ளாத மூதாட்டியாகிறாள். அவளை வீட்டில் சேர்த்து உணவூட்டுகிறவள், அவளால் சபிக்கப்பட்ட அதே சோஃபி.

அந்த இரக்கத்தால் மூதாட்டி உடனே திருந்திவிடவும் இல்லை. பழைய பேராசை தலைதூக்க, ஹவுலின் இதயத்தைப் பற்றிக்கொண்டு அனைவரையும் ஆபத்துக்குள்ளாக்குகிறாள். முடிவில் சோஃபி அதைத் தரும்படி வேண்டுகிறாள். மூதாட்டியும் தன் கையாலேயே கொடுத்துவிடுகிறாள்.

இதைக்கொண்டு, மேற்கு தண்டிக்கும், கிழக்கு இரங்கும் என்று வகுத்துவிடலாகாது. 1983-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் டார்த் வேடர் மனம் மாறுகிறான். மியாசாகியே 1986-இல் எடுத்த 'லாபுடா' படத்தில் கொடியவன் மஸ்கா அழிந்தே போகிறான். ஆயினும், வீழ்ந்த பகைவரை வீட்டில் வைத்துப் பேணும் கதையே நமக்கு மிகவும் தேவையானது என்பேன்.

ஏனெனில் நம் இல்லங்களிலும் அத்தகைய முதியோர் உளர். ஒருகாலத்தில் சொல்லால் சுட்டவர்கள், அதிகாரத்தால் நசுக்கியவர்கள் இன்று பிறர் கையை எதிர்பார்த்துப் படுத்திருக்கிறார்கள். அவர்கள் மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகக்கூடும். இதற்கிடையில் அவர்களுக்குப் பசிக்கும்.

இரங்குவதென்றால் விழிப்பை இழக்கவேண்டும் என்பதில்லை. சோஃபி உணவூட்டினாள், ஆனால் இதயத்தை அவள் கையிலேயே விட்டுவிடவில்லை. காயப்படுத்தும் சொல்லுக்கு எல்லை வகுத்துக்கொண்டே கஞ்சியும் கொடுக்கலாம்.

இவ்வாரம் அப்படத்தைப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். சோஃபி செய்தது சரியா என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் பதிலைக் கேட்டபின், நம் வீட்டில் நம் கையை எதிர்நோக்கியிருப்பவர் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.