இணையவழி மனநலச் சிகிச்சை: ஆய்வுகள் கூறுவது என்ன, நாம் செய்யத்தக்கது என்ன?

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கைப்பேசி வழியாகவே சிகிச்சை பெறலாம் என்னும் விளம்பரங்கள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. இதில் உண்மை எவ்வளவு என்பதை நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிந்துகொள்வது அவசியமாகிறது. இணையவழிச் சிகிச்சை முறையாக ஆராயப்பட்ட ஒரு சிகிச்சையே ஆகும். எனினும் ஆய்வுகளில் பயனளித்த சிகிச்சையும், கைப்பேசியில் பதிவிறக்கம் செய்யும் ஏதோவொரு செயலியும் ஒன்றல்ல.

இது ஏன் முக்கியம்?

பெங்களூரிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனமான நிமான்ஸ், 2015–16ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. பெரியவர்களில் ஏறத்தாழ 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நோயின் வகைக்கேற்ப, பாதிக்கப்பட்டோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்பதும் தெரியவந்தது.

இந்த இடைவெளிக்கான காரணங்களைப் படப்பை, ஒரகடம், தாம்பரம் பகுதிகளில் வாழ்வோர் நன்கறிவர். தொழிற்சாலையில் ஷிப்ட் முறையில் பணிபுரிபவர் மனநல மருத்துவரைச் சந்திக்க ஒரு நாள் ஊதியத்தை இழக்க வேண்டியுள்ளது. வாரம் ஒரு முறை என மூன்று மாதங்கள் உளவியல் ஆலோசனைக்குச் செல்வது அவருக்கு எளிதன்று. தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவரோ என்னும் தயக்கமும் பலரைத் தடுக்கிறது. வீட்டிலிருந்தே பெறக்கூடிய சிகிச்சை உண்மையில் பயனளிக்குமாயின், அதன் நன்மை இத்தகையோருக்கே மிகுதியாகச் சேரும்.

சிகிச்சையின் அமைப்பு

ஆய்வுகளில் பெரிதும் பயன்படுத்தப்பட்டது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மனத்தைச் சோர்வடையச் செய்யும் எண்ணங்களையும் பழக்கங்களையும் அடையாளம் கண்டு, அவற்றைப் படிப்படியாக மாற்றப் பயிற்றுவிப்பதே இதன் அடிப்படை. இணைய வடிவில் நோயாளி வாரந்தோறும் ஒரு பாடத்தைப் படிக்கிறார்; மனநிலையைக் குறித்து வைக்கிறார்; கைவிட்ட அன்றாடச் செயல்களைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்குகிறார். பயிற்சி பெற்ற ஒருவர் அவருடைய முன்னேற்றத்தைக் கவனித்து, செய்தி வாயிலாகவோ தொலைபேசியிலோ வழிகாட்டுகிறார்.

ஸ்வீடன் நாட்டின் லின்ஷோபிங் பல்கலைக்கழக உளவியலாளர் கெர்ஹார்ட் ஆண்டர்சன் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். அவரும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 2018ஆம் ஆண்டில் 20 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். வழிகாட்டுநரின் துணையுடன் வழங்கப்படும் இணையவழிச் சிகிச்சை, நேரில் அளிக்கப்படும் அதே சிகிச்சைக்கு இணையான பலனைத் தருகிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஆஸ்திரேலியாவில் உளவியலாளர் நிக் டைட்டோவ் தலைமையில் 2012இல் தொடங்கப்பட்ட ‘மைண்ட்ஸ்பாட்’ மருத்துவமனை, அரசு நிதியுதவியுடன் இச்சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கி வருகிறது.

வழிகாட்டுநரின் பங்கு

2021இல் வெளியான மற்றொரு பெரிய தொகுப்பாய்வு 39 ஆய்வுகளில் பங்கேற்ற 9,751 பேரின் தரவுகளை ஆராய்ந்தது. மனச்சோர்வு லேசாக இருந்தவர்களுக்கு வழிகாட்டுநர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலனில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. மனச்சோர்வு மிதமாகவோ அதற்கு மேலாகவோ இருந்தவர்களுக்கு வழிகாட்டுநருடன் கூடிய சிகிச்சையே கூடுதல் பலன் தந்தது. ஆகவே நோயின் அளவை முதலில் அறியாமல், தனக்குச் செயலி மட்டும் போதும் என எவரும் முடிவு செய்வது சரியன்று.

அந்த வழிகாட்டுநர் எப்போதும் நிபுணராகவே இருக்க வேண்டுமா? உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ என்னும் திட்டம் லெபனானில் சோதிக்கப்பட்டபோது, பயிற்சி பெற்ற, நிபுணரல்லாத பணியாளர்கள் வாரத்துக்குச் சுமார் 15 நிமிடங்கள் பேசித் துணைநின்றனர். பங்கேற்றோரின் மனச்சோர்வு குறைந்தது. நிபுணர்கள் குறைவாக உள்ள நம் நாட்டுக்கு இம்முடிவு நம்பிக்கை அளிக்கிறது.

இந்தியாவில் நிலை

நிமான்ஸ் நிறுவனத்தின் மருத்துவ உளவியல் பேராசிரியர் சீமா மெஹ்ரோத்ரா தலைமையிலான குழு, மனச்சோர்வுக்கான ‘புஷ்-டி’ என்னும் சுய உதவிச் செயலியை இந்தியச் சூழலுக்கேற்ப உருவாக்கியது. 2018இல் வெளியான முதற்கட்ட ஆய்வில் பயனாளிகளின் மனச்சோர்வு குறைந்தது. எனினும் அவ்வாய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆகவே அந்த முன்னேற்றம் முழுவதும் செயலியால் விளைந்தது எனக் கொள்ள இயலாது.

2022 அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு ‘டெலி மானஸ்’ சேவையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவை என்னும் பெயரில் 14416 என்ற எண்ணில் இயங்குகிறது. 2024 அக்டோபரில் செயலியும் காணொலி ஆலோசனையும் இதனுடன் சேர்க்கப்பட்டன. ஆயினும் இது ஆலோசனையும் பரிந்துரையும் அளிக்கும் சேவையே. மேற்கூறிய ஆய்வுகளில் வழங்கப்பட்ட பல வாரப் பாடத்திட்டம் அன்று. ஓர் அழைப்பில் மனம் இலேசாகலாம். அதனோடு சிகிச்சை முடிந்துவிட்டதாகக் கருதக் கூடாது.

யாருக்கு இது பொருந்தாது?

பின்வரும் நிலைகளில் இணையவழிச் சிகிச்சையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரை நேரில் அணுகவும்.

• தற்கொலை எண்ணம், அல்லது தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல்
• பிறர் காதில் விழாத குரல்கள் கேட்பது, காரணமற்ற கடும் சந்தேகம்
• பல நாள்களாக உறக்கமே தேவைப்படாத அளவு மிகையான உற்சாகம்
• உணவையும் நீரையும் மறுக்கும் அளவுக்குச் சோர்வு
• மகப்பேற்றுக்குப் பின் தாய்க்குக் குழந்தையைத் துன்புறுத்தும் எண்ணம் எழுதல்
• மதுவை நிறுத்தியதும் நடுக்கம், குழப்பம், வலிப்பு

செயலியைத் தேர்ந்தெடுக்குமுன்

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவும். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும்கூட மனச்சோர்வு போலத் தோன்றக்கூடும். எளிய இரத்தப் பரிசோதனையில் இவை தெரிந்துவிடும். ஒன்பது கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் மூலம் மனச்சோர்வின் அளவையும் மதிப்பிடலாம். தேவைப்படின் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்பிவைப்பர்.

பின்னர் செயலியைப் பற்றி நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதை உருவாக்கியவர் யார்? மறுமுனையில் இருப்பவர் தகுதி பெற்ற மனிதரா, தானாகப் பதிலளிக்கும் மென்பொருளா? நெருக்கடி நேரிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பது தெளிவாகக் கூறப்பட்டுள்ளதா? நீங்கள் எழுதுவதை வேறு எவர் படிக்க இயலும்? விடை கிடைக்காத செயலியைத் தவிர்ப்பதே நன்று. மருத்துவ உளவியலாளர் என்று கூறிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா எனக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பராமரிப்பாளர்களுக்கு

பல வீடுகளில் கைப்பேசி பொதுவானது. சிகிச்சை பெறுபவருக்கு வாரத்தில் சில மணி நேரமேனும் தனிமையும் கைப்பேசியும் கிடைக்க வழி செய்யுங்கள். அவர் எழுதியதை அவருடைய இசைவின்றிப் படிக்காதீர்கள். ஒரு முறை நம்பிக்கை குலைந்தால் அவர் உண்மையை எழுதுவதை நிறுத்திவிடுவார். இத்தகைய திட்டங்களைப் பாதியில் கைவிடுவோர் மிகப் பலர். “இந்த வாரப் பாடம் முடிந்ததா?” என்னும் கனிவான ஒரு கேள்வி பேருதவியாகும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை, செயலியைத் தொடங்கிவிட்ட காரணத்துக்காக நிறுத்த வேண்டாம்.

உங்கள் உரிமை

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசின் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை அனைவருக்கும் வழங்குகிறது. உங்கள் நோய்பற்றிய விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதையும் அச்சட்டம் உறுதி செய்கிறது. இணைய வசதி இல்லாதவர், படிக்க இயலாதவர், திரையில் மனம் ஒன்றாதவர் ஆகியோர் நேரடிச் சிகிச்சையை எவ்விதத் தயக்கமுமின்றிக் கேட்கலாம். ஆறு வாரங்கள் முயன்றும் முன்னேற்றம் தென்படாவிடில், அதை உங்கள் தோல்வியாகக் கருத வேண்டாம். சிகிச்சையை மாற்ற வேண்டும் என்பதற்கான குறிப்பாகக் கொண்டு மருத்துவரை அணுகுங்கள்.

மனநல ஆலோசனைக்கு 24 மணி நேரமும்: 14416. மருத்துவ ஆலோசனைக்கு: 104. உயிருக்கு ஆபத்தான நிலையில்: 108.