காதுப் புண்ணை மறைக்கலாமா?

திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் அது. எனக்கு நெடுநாள் பழக்கம்.

அந்த வீட்டுப் பையன் கல்லூரியில் படிக்கிறான். ஒரு வாரமாகத் தலைமுடியைக் காதின் மேல் இழுத்து விட்டுக்கொண்டு திரிந்தான். சாப்பிடும்போதும் அப்படி. படுக்கும்போதும் அப்படி. கடைசியில் அவனுடைய ஆச்சிதான் கண்டுபிடித்தார். முடியை விலக்கிப் பார்த்தால், காதின் கீழ்ச்சதை சிவந்து வீங்கி இருந்தது. ஓட்டையில் பேனா பருமனுக்கு ஒரு கறுப்புக் கட்டை. அதன் ஓரத்தில் சீழ்!

அப்பா குதித்தார். "ஆம்பிளைப் பிள்ளைக்கு இது என்ன கோலம்?" என்று கத்தினார். அம்மா மஞ்சள்தூளும் தேங்காய் எண்ணெயும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஆச்சி மட்டும், "சண்டையைப் பொறவு போடுங்க. மொதல்ல காதைப் பாருங்க" என்றார்.

ஆச்சி சொன்னதுதான் சரி. பையனுக்கு வலியை விட, அப்பாவிடம் பயம் அதிகம். அதனால்தான் ஒரு வாரம் மறைத்தான். முதல் நாளே காட்டியிருந்தால் உப்புத் தண்ணீரோடு போயிருக்கும்.

காதில் கட்டை போடுவது சரியா, தப்பா? அந்த வழக்குக்கு நான் வரவில்லை. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால், பிடிக்காத காதிலும் சீழ் சீழ்தான்!

புது மோகமா?

இது வெளிநாட்டு மோகம் என்று பலர் நினைக்கிறார்கள். காது வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளில் பாம்படமும் தண்டட்டியும் போட்ட பாட்டிகளைப் பார்க்காதவர் உண்டா? 2023-ல் "தண்டட்டி" என்ற பெயரில் ஒரு சினிமாவே வந்தது.

அந்தக் காலத்தில் எப்படிக் காது வளர்த்தார்கள்? குழந்தையிலேயே காது குத்துவார்கள். புண் ஆறியதும் துளையில் பஞ்சுத் திரி வைப்பார்கள். பிறகு பனை ஓலைச் சுருள். சுருள் மெல்ல விரியும். துளையும் மெல்லப் பெருகும். அதற்கும் பிறகுதான் குணுக்கு என்ற கனமான ஈய வளையம். பாம்படம் போடும் அளவுக்குக் காது வளர வருஷக் கணக்கில் ஆகும்.

அந்தப் பொறுமையை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஈயத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈயம் நஞ்சு. புண்ணில் படவே கூடாது.

நம் பையன் என்ன செய்தான்? 4 மில்லிமீட்டர் கட்டையைக் கழற்றிவிட்டு, ஒரே நாளில் 8 மில்லிமீட்டர் கட்டையைத் திணித்தான். சதை கிழிந்தது. கிழிந்த இடத்தில் கிருமி புகுந்தது. ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. கூட்டிய பிறகு ஒன்றிரண்டு மாதமாவது காதைச் சும்மா விட வேண்டும். துளை பெரிதாக ஆக, இன்னும் அதிக நாள் விட வேண்டும்.

எரிச்சலா, சீழா?

எல்லாச் சிவப்பும் ஆபத்து அல்ல. லேசான சிவப்பு, அரிப்பு, தண்ணீர் போலக் கசிந்து பொருக்குக் கட்டுவது எல்லாம் எரிச்சல். கட்டை பெரிதாக இருக்கலாம். அல்லது அதன் உலோகம் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். மலிவான நகைகளில் இருக்கும் நிக்கல் பலருக்கு ஆகாது.

வளர்த்த காதில் ஒருவித நாற்றம் வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தோலின் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் சேர்ந்த நாற்றம் அது. ஆறிய துளையானால் தினமும் கட்டையைக் கழற்றி, இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும்.

ஆனால் காது சுடுகிறதா? விண் விண் என்று தெறிக்கிறதா? மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வருகிறதா? சிவப்பு பரவுகிறதா? காதுக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா? காய்ச்சல் இருக்கிறதா? அப்படியானால் வீட்டு வைத்தியம் போதாது. டாக்டரிடம் போக வேண்டும்.

வெறும் எரிச்சலுக்கு என்ன செய்வது? முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு டம்ளர் கொதித்து ஆறிய தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்புப் போடுங்கள். சுத்தமான துணியை அதில் நனைத்து, சில நிமிஷம் காதில் ஒத்திக்கொண்டிருங்கள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை போதும். உப்பு அதிகம் போட்டால் காந்தும். மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் இன்னும் நல்லது.

கட்டை பெரிதென்றால், முன்பு போட்டிருந்த சிறிய அளவுக்குத் திரும்புங்கள். சீழ் பிடித்த காதில் நீங்களாகக் கட்டையை உருவி எறிய வேண்டாம். வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். எப்போது கழற்றுவது என்று டாக்டர் சொல்வார். சதைக்குள் புதைந்த கட்டையை வீட்டில் இழுக்கவே கூடாது.

மஞ்சள், எண்ணெய், விளக்குக் கரி இவை வேண்டாம். தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அடுப்படி மஞ்சள்தூள் பத்துக் கை பட்ட பொருள். எண்ணெய் புண்ணின் மேல் அழுக்கைப் பிடித்து வைக்கும். ஆறிய காதில் எண்ணெய் தடவி நீவுங்கள், நல்லதுதான். ஸ்பிரிட்டும் வேண்டாம். அது கிருமியோடு புதுத் தோலையும் சேர்த்துக் கெடுக்கும்.

நீரிழிவு உள்ளவர்கள் சிறு புண் என்று இருந்துவிடக் கூடாது. அவர்களுக்குப் புண் ஆற நாள் பிடிக்கும். கிருமி சீக்கிரம் பரவும்.

மேல் காது

இதை மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துகொள்ள வேண்டும். காதின் கீழ்ப்பக்கம் வெறும் சதை. ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் சீக்கிரம் ஆறும். மேல்பக்கம் அப்படி அல்ல. உள்ளே குருத்தெலும்பு இருக்கிறது. அதற்குச் சொந்த ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்திய மெல்லிய சவ்வில் இருந்துதான் அதற்கு ஊட்டம் வருகிறது. இடையில் சீழ் கட்டினால் ஊட்டம் நின்று, குருத்தெலும்பு அழுகும். காது சுருங்கிக் கோணலாகிவிடும். பிறகு பழைய வடிவம் வருவது கடினம்.

மேல் காதில் குத்திய இடம் வீங்கி வலித்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த இடத்தில் குத்த, துப்பாக்கி போன்ற கருவியைச் சில கடைகளில் வைத்திருக்கிறார்கள். அது குருத்தெலும்பை நசுக்கும். சம்மதிக்காதீர்கள்.

அறுந்த காது

காது அறுந்துபோனால்? சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால், தைத்துவிடுவார்கள். பழைய கிழிசலையும் தைக்கலாம். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஓரத்தைச் சீவிவிட்டுத் தைப்பார்கள். சிறிய ஆபரேஷன்தான். ஆனால் சீழ் இருக்கும்போது தைக்க மாட்டார்கள். புண் ஆற வேண்டும்.

பாம்படம் போட்ட பெண்களில் பலர், பிற்காலத்தில் இப்படித்தான் காதைத் தைத்துக்கொண்டார்கள். நம் ஆச்சியும் அதில் ஒருவர். "மூளிக்காது" என்ற பேச்சுக்குப் பயந்து ஒரு காலத்தில் காதை வளர்த்தார்கள். "பட்டிக்காடு" என்ற பேச்சுக்குப் பயந்து பிறகு அதே காதை அறுத்தார்கள். இப்போது பேரன் தன் காதை மறைக்கிறான், அதுவும் பேச்சுக்குப் பயந்துதான். ஊர்ப் பேச்சுக்கு எத்தனை தலைமுறைக் காது பலியாவது?

பையனை அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அப்பாதான் அழைத்துப் போனார். டாக்டர் கட்டையைக் கழற்றி, சீழை எடுத்து, மாத்திரை கொடுத்தார். மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். இப்போது காது ஆறிவிட்டது. துளை பாதியாகச் சுருங்கிவிட்டது. மறுபடி கட்டை போடுவானா என்று தெரியாது. அப்பா இன்னும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால், சலைன் பாட்டில் தீர்ந்தபோது வாங்கி வந்தவர் அவர்தான்.